தட்டு மறையும் ஆழம்

பிப்ரவரி 3

வணக்கம்.

நலமா என்று கேட்கவில்லை. போன வாரம் போனில் நாம் பேசிய பேச்சுக்குப் பிறகு அதைக் கேட்டால் கேலி செய்கிற மாதிரி இருக்கும். இனி போனே வேண்டாம் என்று சொன்னது நீங்கள்தான். "பேசினா சண்டை வருது. எழுதினா கோபம் வழியிலேயே ஆறிடும்" என்றீர்கள். சரி, எழுதுகிறேன். இந்த மலை ஏரி ஆய்வு நிலையத்துக்கு வாரத்துக்கு ஒரு ஜீப்தான் வருகிறது. ஆறுவதற்கு நேரம் தாராளமாக இருக்கிறது.

விஷயம் இதுதான். நம் ஊர் ஏரியில் தண்ணீரின் தெளிவை அளக்க என் இடத்துக்கு வந்தவர் வேலையை விட்டுவிட்டாராம். வேறு ஆளைப் போட அலுவலகத்துக்கு மனமில்லை. ஒன்பது வருடம் நான் விடாமல் எடுத்த அளவு அது. நடுவில் ஓட்டை விழுந்தால், பிறகு அந்த ஏரிக்கு என்ன ஆனது என்று யாராலும் சொல்ல முடியாது. ஊரே குடிக்கிற தண்ணீர். யாராவது சம்பளமில்லாமல் எடுத்துக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்களாம். யோசித்துப் பார்த்தேன். ஏரிக்குப் பக்கத்தில் வீடு, நடுங்காத கை, என்னிடம் திட்டு வாங்கிய அனுபவம் மூன்றும் உள்ளவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

மாடி அறையில் கதவுக்குப் பின்னால் ஒரு வட்டத் தட்டு தொங்கும். சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும். கால் பாகம் கறுப்பு, கால் பாகம் வெள்ளை என்று மாற்றி மாற்றி வர்ணம் அடித்தது. அதில் கட்டிய கயிற்றில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடும் மீட்டருக்கு ஒரு சிவப்பு முடிச்சும் இருக்கும். உச்சி வெயிலில் உங்கள் அக்காவின் படகில் நடு ஏரியில் இருக்கும் மஞ்சள் மிதவைக்குப் போங்கள். படகின் நிழல் விழும் பக்கமாகத் தட்டை மெதுவாக இறக்குங்கள். அது கண்ணிலிருந்து மறையும்போது கயிற்றில் அளவைப் பாருங்கள். பிறகு தூக்கி, மறுபடி தெரியும் இடத்திலும் பாருங்கள். இரண்டுக்கும் நடு அளவை எழுதினால் போதும். ஆழம் கூடினால் தெளிவு, குறைந்தால் கலங்கல். மாதம் இரண்டு முறை.

முடியாது என்றாலும் எழுதிவிடுங்கள். பேருந்து நிலையத்தில் சொன்ன மாதிரி முகத்தில் அடித்தாற்போலவே எழுதலாம். பழகிவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் மனைவி (பதிவேட்டின்படி)

பிப்ரவரி 11

ஏரிக்காரிக்கு,

பழைய பெயரிலேயே கூப்பிடுகிறேன். பதிவேடு அது இது என்று நீ எழுதினால் எனக்குப் பதில் எழுத வராது. நான் பல் செட்டு செய்கிறவன். எனக்கு வாயில்தான் வேலை, வாயால் வேலை இல்லை.

தட்டை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போனேன். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "இந்தப் படகை வாங்கின நாள்லேர்ந்து ஒரு ரவுண்டு வாடான்னு கூப்பிடுறேன். எனக்காக ஏறல. அவ அங்கேர்ந்து ஒரு கடுதாசி போட்டா துடுப்பு எடுக்குற" என்றாள். பதிலுக்கு ஏதாவது சொன்னால் வளரும் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

குனிந்ததும் தொப்பி ஏரிக்குப் போனது. அக்கா துடுப்பால் எடுத்துக் கொடுத்தாள். பிறகு தட்டை இறக்கினேன். முதலில் வெள்ளை நன்றாகத் தெரிந்தது. அப்புறம் வெள்ளை பச்சையானது. அப்புறம் இருக்கிறதா, இருப்பதாக நான் நினைக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது. நீ ஒன்பது வருடமாக உட்கார்ந்து பார்த்தது இதைத்தானா? பல தடவை நீ வீட்டுக்கு வந்தும் பேசாமல் இருப்பாய். அலுப்பு என்று நினைத்துக்கொள்வேன். இவ்வளவு நேரம் கண்ணை ஒரே இடத்தில் வைத்திருந்தால் யாருக்கும் பேச்சு வராது என்று இப்போது தெரிகிறது.

அளவு: 3.3 மீட்டர்.

வீட்டில் எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறது. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. முன்பு கத்தரிக்கோலைத் தேடுவேன், நீ எடுத்து எங்கேயோ போட்டிருப்பாய், கத்துவேன். இப்போது அது ஆணியிலேயே தொங்குகிறது. கிளினிக்கின் பின்னறையில் என் மேசைக்கு மேலே உன் பல் அச்சு இருக்கிறது. உடைந்த பல்லோடு நீ முதல் முதலாக வந்தபோது எடுத்தது. டாக்டர் இரண்டு தடவை தூக்கிப் போடச் சொல்லிவிட்டார். பழைய மாவு அச்சுக்கு என்ன மரியாதை என்கிறார். அது சிரிக்கிறதா முறைக்கிறதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நேரில் பார்த்தபோதும் தெரிந்ததில்லை.

பேருந்து நிலையத்தைப் பற்றி எழுதியிருந்தாய். "போறதுன்னா போயிட்டே இரு" என்று சொன்னேன், ஆமாம். பேருந்து வளைவில் திரும்பும்வரை நின்றேன் என்பதையும் சேர்த்துக்கொள். நீ திரும்பிப் பார்க்கவில்லை.

பல்லுக்காரன்

பிப்ரவரி 20

பல்லுக்காரருக்கு,

3.3 சரியாகத்தான் இருக்கும். இந்தப் பருவத்தில் எனக்கும் அதை ஒட்டித்தான் வரும். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தீர்களா? வெயில் கண்ணாடி கூடவே கூடாது. தொப்பி இருக்கலாம், விழாமல் இருந்தால். படகை ஓட்டும்போது அண்ணியைப் பேசவிடாதீர்கள். அவர் பேச ஆரம்பித்தால் படகு மிதவையைச் சுற்றி வட்டம் அடிக்கும், கயிறு சாய்ந்துவிடும். சாய்ந்த கயிறு அதிக ஆழம் காட்டும்.

இங்கே மலை ஏரியில் நேற்று தட்டு பதினான்கு மீட்டருக்குப் போனது. கயிறு தீர்ந்துவிட்டது, தட்டு இன்னும் தெரிந்துகொண்டிருந்தது. உதவிக்கு வந்த ஜீப் டிரைவர் "மேடம், இது தண்ணியா காத்தா" என்று கேட்டார். வந்த புதிதில் எனக்கு இதைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. இப்போது ஒரு மாதிரி இருக்கிறது. அடியில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் தெரிகிற தண்ணீரில் ஒரு மீன்கூட ஒளிய முடியாது. என் அறையும் அப்படித்தான். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு ஜன்னல். எதையாவது தொலைத்துவிட்டுத் தேடலாம் என்றால் தொலைவதற்கு இடமே இல்லை.

நீங்கள் வளைவு வரை நின்றது எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் பார்க்காததற்குக் காரணம் கோபம் இல்லை. பக்கத்து சீட்டு அம்மாள் நான் அழுவதைப் பார்த்துவிட்டு என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அவர் பிடி கொஞ்சம் பலமான பிடி.

அடுத்த அளவை எதிர்பார்க்கிறேன்.

மார்ச் 6

ஏரிக்காரிக்கு,

இந்தத் தடவை 2.8. அக்கா வாயைத் திறக்கவில்லை, கயிறு சாயவில்லை, கண்ணாடி போடவில்லை. ஏன் குறைந்தது என்று எனக்குத் தெரியாது. நீதான் சொல்ல வேண்டும். இந்த மாதிரி நேரத்தில் முன்பெல்லாம் நீயே வந்து பார்ப்பாய் அல்லவா?

உன் கடிதத்தை மூன்று நாளாகச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். பையில் மெழுகுத் துண்டு இருந்ததை மறந்துவிட்டேன். வெயிலில் உருகி, "தோளில் சாய்த்துக்கொண்டார்" என்ற வரிக்கு மேலே ஒட்டிவிட்டது. சுரண்டி எடுத்தேன். எழுத்து போகவில்லை.

அந்த அம்மாள் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

பல்லுக்காரன்

மார்ச் 15

பல்லுக்காரருக்கு,

ஒரே மாதத்தில் அரை மீட்டர் குறைவது சாதாரணம் இல்லை. மழையும் கிடையாது. உடனே எழுதுங்கள்: தண்ணீரின் நிறம் என்ன? பச்சையா, பழுப்பா? கரையில் நுரை இருக்கிறதா? வாடை? பம்பு வீட்டுப் பக்கம் பாசி கூடியிருக்கிறதா?

இங்கிருந்து வர எனக்கு லீவு கிடையாது. ஆனால் குடிநீர் இன்ஜினீயரிடம் போனில் பேசிவிட்டேன். அவருக்கு என் அளவுகள் மீது நம்பிக்கை உண்டு. அடுத்த அளவும் குறைந்தால் பம்பை நிறுத்திவிட்டுத் தண்ணீரைச் சோதித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். கவனமாக எடுங்கள். நீங்கள் சொல்கிற ஒரு எண்ணை நம்பித்தான் ஊர் நிற்கிறது.

எனக்கும் சரியாகத் தூக்கம் இல்லை. ஏரிக்காகத்தான் என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஏப்ரல் 2

ஏரிக்காரிக்கு,

மார்ச் நடுவில் 2.4. நேற்று 2.0. 2.4 வந்தபோதே இன்ஜினீயர் பம்பை நிறுத்திவிட்டார். தெருவில் லாரித் தண்ணீர் வருகிறது. குடத்துக்கு வரிசை, வரிசைக்குச் சண்டை. அளவெடுக்கப் போவதைத் தவிர மற்ற நேரத்தில் படகுகளையும் கட்டி வைக்கச் சொல்லிவிட்டார்கள். அக்கா காலையிலிருந்து மாலைவரை துறையில் உட்கார்ந்து ஏரியை முறைத்துக்கொண்டிருக்கிறாள். சோதனை முடிவு இன்னும் வரவில்லை. நிறம், வாடை எல்லாம் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பழகிய கண் வேண்டும். நீ ஒரு நடை வந்து பார்த்தால் நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

நீ கவலையாக இருப்பாய். ஒரு வேடிக்கை சொல்கிறேன். ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டரைத் தெரியும் அல்லவா, அவருக்குப் போன மாதம்தான் கீழ்ச் செட்டு செய்து கொடுத்தேன். நேற்று சாயங்காலம் அக்காவுக்கு ஆறுதல் சொல்கிறேன் என்று துறையின் முனையில் போய் நின்றார். தும்மினார் பார், அந்தத் தும்மலில் பல் செட்டு பறந்து தண்ணீரில் விழுந்துவிட்டது! அக்கா ஓடி வந்து என்னைக் கூப்பிட்டாள். நான் போய் எட்டிப் பார்த்தால், அடியில் மணல் மேலே என் வேலை ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு பல்லாக எண்ணலாம். அக்கா பெரிய கம்பு வலையை நீட்டி இரண்டாவது தடவையில் அள்ளிவிட்டாள். ஒரு கீறல்கூட இல்லை. அவர் அங்கேயே கழுவி மாட்டிக்கொண்டு "முன்னைக்கு இப்போ நல்லா உட்காருது" என்றார். அக்கா ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தாள்.

நீ பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். எதைப் பார்த்தாலும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பல்லுக்காரன்

ஏப்ரல் 10

படகுத்துறையின் முனையில் ஏரியின் ஆழம் இரண்டரை மீட்டர். அதை அளந்தவள் நான். அதன் அடியில் கிடந்த பல்லை நீங்கள் ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறீர்கள். அதே நாளில், அதே ஏரியில், அந்தப் பல் செட்டைவிட மூன்று மடங்கு பெரிய தட்டு இரண்டு மீட்டரில் மறைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள்.

கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். ஜீப் டிரைவரிடம் வாசித்துக் காட்டினேன். வாசித்துக்கொண்டே வரும்போதுதான் நாக்கு நின்றது.

2.8, 2.4, 2.0. நிஜமான தண்ணீர் இப்படிப் படி இறங்காது. நான் எப்போதோ கவனித்திருக்க வேண்டும். உங்கள் எண் என்பதால் கவனிக்கவில்லை.

சோதனை முடிவும் நேற்று வந்தது. தண்ணீரில் ஒன்றுமில்லை. இன்ஜினீயர் என்னைப் போனில் கூப்பிட்டு மரியாதையாகவே பேசினார், அதுதான் தாங்க முடியவில்லை. நிலையத் தலைவர் கூப்பிட்டு, "அளவெடுத்தது யாரு?" என்று கேட்டார். "என் கணவர் சார்." "பயிற்சி உண்டா?" "நான்தான் சொல்லிக் கொடுத்தேன் சார்." அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. ஒன்பது வருடத்தில் என் எண்ணை யாரும் இரண்டாவது தடவை கேட்டதில்லை. ஊர் முழுக்கக் குடத்தோடு வரிசையில் நின்றது. அண்ணி படகைக் கட்டிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் நான் பயந்துபோய் ஓடி வருவேன் என்பதற்காக.

எனக்காக என்று சந்தோஷப்பட வேண்டுமா? ஒரு நிமிடம் பட்டேன். அதற்காகவும் உங்கள் மேல் கோபம்.

அன்று நீங்கள் "போகாதே" என்று சொல்லியிருந்தாலும் போயிருப்பேன். இந்த வேலைக்காக எவ்வளவு காலம் காத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் உங்களுக்கு நான் வேண்டும் என்று தெரிந்துகொண்டு போயிருப்பேன். வா என்பது தமிழில் ஒரே ஒரு எழுத்து. அதை எழுதுவதற்கு உங்களுக்கு ஒரு ஏரியைக் கலக்க வேண்டியிருந்தது.

இங்கே இன்னும் ஒரு வருடம் இருக்கச் சம்மதமா என்று போன மாதமே கேட்டிருந்தார்கள். பதில் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். இன்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 17

வா.

ஜூன் 5

ஏரிக்காரிக்கு,

நீ பதில் எழுத மாட்டாய் என்று தெரியும். இது பதிலுக்காக எழுதுவது இல்லை.

இன்ஜினீயர் அலுவலகத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்த பார்வையை நீ பார்க்காமல் போனது நல்லதுதான். உன் பேரில் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அக்காவிடம் சொன்னது அதைவிடக் கஷ்டம். அவள் திட்டவே இல்லை. "கூப்பிடத் தெரியாதவனுக்கு எதுக்குடா கல்யாணம்" என்று மட்டும் கேட்டுவிட்டு வலையை உதறப் போய்விட்டாள். நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாவது நாள் மிதவைக்குப் போக அவளே படகை அவிழ்த்தாள்.

ஏப்ரல் கடைசி 3.2. மே நடுவில் 3.4. மே கடைசி 3.1. இப்போது நான் பார்த்த பிறகு அக்காவும் பார்க்கிறாள். இரண்டு பேருக்கும் ஒத்துவந்தால்தான் எழுதுகிறேன். அலுவலகம் வாங்கிக்கொள்கிறதா, குப்பையில் போடுகிறதா தெரியாது. ஓட்டை விழக் கூடாது என்றாயே, அதற்காக.

கடுதாசியில் ஒரே எழுத்தை எழுதி அனுப்பிய பிறகு ஒவ்வொரு வாரமும் ஜீப் நாளைக் கணக்குப் பார்த்தேன். இப்போது பார்ப்பதில்லை. பொய். பார்க்கிறேன்.

பல்லுக்காரன்

ஜூலை 19

ஏரிக்காரிக்கு,

கூரியரில் அனுப்புகிறேன், தனி வண்டியில் இரண்டு நாளில் மேலே வந்துவிடும் என்றார்கள். உங்கள் நிலையத்துக்கு நேற்று மூன்று தடவை போன் செய்தேன். நீ போன் எட்டாத மேல் முகாமுக்குப் போயிருப்பதாகவும் இருபத்தோராம் தேதிதான் இறங்குவாய் என்றும் காவலாளி சொன்னார்.

ஏரி கலங்கிவிட்டது. நிஜமாகவே. போன வாரம் 2.6 இருந்தது. நேற்று மிதவையில் 0.9. நம்பாமல் மறுபடி எடுத்தேன், 1.1. அக்கா எடுத்தாள், 0.85. பம்பு வீட்டுப் பக்கம் போனோம். அங்கே முழங்கை முங்குவதற்குள் தட்டைக் காணோம், 0.4. சாம்பலும் பழுப்புமாக இருக்கிறது. சாக்கடை வாடை. கரையோரம் சின்ன மீன்கள் வாயை மேலே வைத்துக்கொண்டு நிற்கின்றன. பம்பு ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் கிளினிக்குக்குப் பக்கத்துக் குழந்தை டாக்டரிடம் இரண்டு நாளாக வாசல்வரை கூட்டம். எல்லாம் வயிற்றுப்போக்கு.

இன்ஜினீயரிடம் ஓடினேன். அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சார், உங்க வீட்டம்மா வரணும்னா ஒரு போன் போடுங்க. அதுக்கு ஊர்த் தண்ணிய நிறுத்தணுமா?" என்றார். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். வாளியில் மொண்டு கொண்டுபோய்க் காட்டினேன். கரையைக் கலக்கி அள்ளியிருப்பேன் என்றார்கள். உனக்கு ஒரு பாட்டில் அனுப்பலாம் என்று பார்த்தால், திரவம் எடுக்க மாட்டோம் என்று கூரியர் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆக, உன் கையில் இருப்பது என் பேச்சு மட்டும்தான். அதற்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும்.

அக்கா தெருத் தெருவாகப் போய்க் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். பாதிப் பேர் கேட்கிறார்கள்.

நீ வர வேண்டாம். இதற்காக வராதே. நீ வருவதற்குள் நேரம் போய்விடும். இன்ஜினீயருக்கு மேலே இருப்பவர் யார், அவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று உனக்குத் தெரியும். அவரிடம் சொல். பம்பை நிறுத்தச் சொல். அது போதும்.

ஜூலை 22

பல்லுக்காரருக்கு,

இதற்குள் பம்பு நின்றிருக்கும். என்றாலும் நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முகாமிலிருந்து இறங்கியதும் உங்கள் கடிதத்தை மேசை மேல் பார்த்தேன். உறையைப் பிரிக்கும்போதே பல்லைக் கடித்துக்கொண்டுதான் பிரித்தேன். படித்து முடித்துவிட்டு அரை மணி நேரம் ஜன்னலோரம் நின்றேன். மறைக்க மாட்டேன், முதலில் நம்பவில்லை. இந்தத் தடவை வாடையையும் மீனையும் சேர்த்து நன்றாக எழுதப் பழகிவிட்டார் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு என்னை மன்னித்துவிடுங்கள்.

பிறகு மறுபடி படித்தேன். எண்கள் முன்னும் பின்னும் குதித்தன: 0.9, 1.1, 0.85. தண்ணீர் அப்படித்தான் பேசும். ஆனால் நான் நம்பியது அங்கே இல்லை. கடைசிப் பத்தியில் "வராதே" என்று இருந்தது. அந்த இடத்தில்தான்.

குடிநீர் வாரியத்தின் தலைமைப் பொறியாளரை அவர் வீட்டு நம்பரில் பிடித்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டுவிட்டு, "அளந்தது யாரும்மா?" என்றார்.

"என் கணவர் சார்."

"போன தடவையும் அவர்தானே?"

"அவரேதான் சார்."

"அப்புறம் எப்படி நம்புறீங்க?"

"போன தடவை நான் வரணும்னு எழுதினாரு சார். இந்தத் தடவை வர வேண்டாம்னு எழுதியிருக்காரு."

அந்தப் பக்கம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைக்கும் சத்தம் கேட்டது. "நாற்பது வருஷமா இந்த வேலை பார்க்குறேன், இப்படி ஒரு சான்றிதழ் கேட்டதில்லம்மா" என்றார். பிறகு, தப்பாக இருந்தால் என் வேலை போகும், தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். நிறுத்தச் சொல்கிறேன் என்றார்.

போனை வைத்த பிறகுதான் அழுகை வந்தது. அப்போது என் பக்கத்தில் யாரும் இல்லை. பக்கத்து சீட்டு அம்மாள்கூட இல்லை.

நீங்களும் அண்ணியும் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். தினமும் அளவெடுங்கள். எனக்கு எழுதுங்கள்.

செப்டம்பர் 9

ஏரிக்காரிக்கு,

நேற்று 2.9. நானும் அக்காவும் பார்த்தோம், மூன்றாவதாக இன்ஜினீயரும் பார்த்தார். மூன்று பேருக்கும் ஒத்துவந்தது.

போனில் பாதி சொல்லியிருக்கிறேன், மீதியைக் கேள். பம்பு வீட்டுக்குப் பின்னால் புதிதாக எழும்பிய குடியிருப்புகளுக்காக மண்ணுக்கடியில் போட்ட கழிவுநீர்க் குழாய் உடைந்திருந்தது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஏரிக்குள் நேராகப் போய்க்கொண்டிருந்தது. தோண்டித் திறந்த அன்று நான் கரையில்தான் நின்றேன். இன்ஜினீயர் தானே குழிக்குள் எட்டிப் பார்த்தார். அவருடைய இளைய மகளும் அந்தக் குழந்தை டாக்டரிடம்தான் படுத்திருந்தாளாம். எல்லாக் குழந்தைகளும் தேறிவிட்டார்கள். ஒரு குழந்தைக்கு மட்டும் ரொம்ப நாள் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அதுவும் போன வாரம் வீட்டுக்குப் போய்விட்டது.

நேற்று இன்ஜினீயர் தானாகத் துறைக்கு வந்து, "நானும் வரலாமா" என்று கேட்டார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு தட்டைத் தானே இறக்கினார். மறையும்போது, "இருக்கா இல்லையான்னே தெரியலையே சார்" என்றார். எல்லோருக்கும் முதல் நாள் அப்படித்தான் போலிருக்கிறது. திரும்பி வரும்போது, "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார். "நீங்க பேசினதுல பாதி நிஜம்தான் சார்" என்றேன். அக்கா துடுப்பை நிறுத்திவிட்டு, "முக்கால்வாசி" என்றாள்.

உன் கடிதத்தில் "தெரியும் என்றேன்" என்று இரண்டு வார்த்தையில் எழுதிவிட்டுப் போய்விட்டாய். நீ எதை வைத்து ஆடியிருக்கிறாய் என்று எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. நான் அந்த வேலையோடுதான் இத்தனை மாதம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அது உன்னை என்னிடமிருந்து கொண்டுபோய்விட்டது என்று நினைத்தேன். அதையே நீ என் பேச்சுக்காகப் பணயம் வைத்தாய்.

அதனால் ஒரு காரியம் செய்தேன். எங்கள் பல் டாக்டரிடம் போய், ஒரு வருடத்துக்கு என் வேலையை மலையிலிருந்து செய்து அனுப்பினால் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். அச்சை அவர் எடுத்து அனுப்புவார், நான் செட்டு செய்து திருப்பி அனுப்ப வேண்டும். வாரம் ஒரு ஜீப் போதும் என்றார். எனக்கு வேண்டியது ஒரு மேசை, ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு பிளக். உன் ஊர்க்காரர்களுக்கும் பல் இருக்கும் அல்லவா? முன்பு நீ கூப்பிட்டபோது, பட்டறையைத் தூக்கிக்கொண்டு மலை ஏற முடியாது என்றேன். நேற்று எல்லாவற்றையும் எடுத்து அடுக்கிப் பார்த்தேன். இரண்டு பெட்டி. அவ்வளவுதான் இருக்கிறது.

ஏரியை யார் அளப்பது என்று நீ முதலில் கேட்பாய். அக்கா அளப்பாள். "உங்க ரெண்டு பேரைவிட எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்" என்கிறாள்.

நீ வேண்டாம் என்றாலும் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுத நினைத்தேன். பொய் எழுதுவதை விட்டுவிட்டதால் எழுதவில்லை.

பல்லுக்காரன்

செப்டம்பர் 18

பல்லுக்காரருக்கு,

ஜீப் டிரைவர் கீழே ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கிறார். இதை அவர் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும், அதனால் வேகமாக எழுதுகிறேன்.

என் அறைக்குப் பக்கத்தில் சாமான் போட்டிருந்த அறையை நிலையத் தலைவரிடம் கேட்டு வாங்கிவிட்டேன். தண்ணீர்க் குழாய் இருக்கிறது, பிளக் இரண்டு இருக்கிறது, மேசைக்கு ஒரு கால் ஆடுகிறது. ஜன்னலைத் திறந்தால் ஏரி. வேலை நேரத்தில் மூடி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒருவருக்கும் பல் கிடைக்காது. என் தலைவருக்கு மேல் கடைவாய்ப் பல் இரண்டு இல்லை. நீங்கள் வருகிறீர்கள் என்றதும் வாயைத் திறந்து காட்டிவிட்டார்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத் தனியாகப் படகை எடுத்துக்கொண்டு போனேன். அளவெடுக்கவில்லை. சும்மா நடுவில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து தட்டு இல்லாமல் தண்ணீருக்குப் போனது அன்றுதான் முதல் தடவை. எவ்வளவு குளிர் என்று கையை விட்டுப் பார்த்தேன். இதை உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. அப்புறம் திரும்பி வரும்வரை அது மட்டும்தான் தோன்றிக்கொண்டிருந்தது.

இரண்டு பெட்டியையும் நீங்களே தூக்கிக்கொண்டு மூன்று பேருந்து மாறி வர வேண்டாம். பத்து நாள் லீவு கேட்டேன். "ஊர்ல என்ன விசேஷம்? ஏரிக்கு மறுபடி ஏதாவதா?" என்று தலைவர் கேட்டார். இல்லை என்றேன். யாருக்காவது உடம்பு சரியில்லையா? இல்லை. அலுவலக வேலையா? அதுவும் இல்லை. காரணம் என்று எழுத வேண்டிய இடத்தை அவர் விரலால் தட்டிக் காட்டினார். ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் அந்த இடத்தை வெற்றிடமாகவே விட்டுக் கொடுத்தேன். அவர் பார்த்தார், சிரித்தார், கையெழுத்துப் போட்டார்.

ஏரி நன்றாக இருக்கிறது. ஊரும் நன்றாக இருக்கிறது. நீங்களும் என்னை வரச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வருகிறேன்.

உங்கள் ஏரிக்காரி